சட்டிக்குக் கேட்டது

கிரீஸ் அண்ணன் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. மனைவிக்குக் காது மந்தம். ஒரே நாளில் போன காது இல்லை. சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி உதிர்ந்து உதிர்ந்து போன காது. முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு குழாய் சொட்டுகிற சத்தம் போனது. கடைசியில் புருஷன் குரலும் போய்ச் சேர்ந்தது. அதனால் அவர் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவர் கத்துவது குடியிருப்பு முழுக்க விழும். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அடுத்த வீட்டிலிருந்து தைலம் தானாக வந்து சேரும்.

"என்னண்ணே, நேத்து உங்களுக்கு வயிறு சரியில்லையாமே?" என்று வாசலில் வாட்ச்மேன் விசாரிப்பார்.

"உனக்கு யாருய்யா சொன்னது?"

"நீங்கதாண்ணே சொன்னீங்க, அண்ணிகிட்ட. நம்ம சட்டி மாதிரி அந்தாண்ட உலகத்துலயும் ஒரு சட்டி இருந்துச்சுன்னா, இந்நேரம் அவங்களுக்கும் உங்க வயிறு தெரிஞ்சிருக்கும்."

சட்டி என்று இவர்கள் சொல்வது ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய ரேடியோ தொலைநோக்கியை. வெள்ளை வெளேரென்று வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் கிண்ணம். குடியிருப்பையே தூக்கி அதற்குள் போட்டு மூடிவிடலாம், அவ்வளவு பெரிசு. வானத்தில் எங்கேயோ, நம்மைப் போல யோசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்து, அவர்கள் ரேடியோவில் ஒரு வார்த்தை பேசினால் அது இதில் வந்து விழாதா என்று காத்துக்கிடக்கிறார்கள். சட்டி நிற்பது வட்டமான ஒரு தண்டவாளத்தின் மேல். அது திரும்பும்போது சக்கரம் கிறீச்சிடாமல் பார்த்துக்கொள்வது கிரீஸ் அண்ணன் வேலை. கிரீஸ் வாளியும் கந்தையுமாக வட்டம் வட்டமாகச் சுற்றி வருவார். சோப்பு எத்தனை போட்டாலும் அவர் கையில் அந்த வாசனை போகாது.

உள்ளே உட்கார்ந்து காத்திருப்பவர்களுக்கு வேலையாட்கள் வைத்த பெயர் 'கேக்குறவங்க'. புதிதாக வந்த தோட்டக்காரர் ஒருமுறை, "அவங்க என்னதான் கேக்குறாங்க?" என்றார். "ஒண்ணும் கேக்கலை. சும்மா கேக்குறாங்க, அவ்ளோதான்," என்றார் கிரீஸ் அண்ணன். தோட்டக்காரர் இன்றுவரை அதை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சட்டியின் காது பொல்லாத காது. பக்கத்தில் ஒரு கைபேசி முணுமுணுத்தால் போதும், அதற்கு வானம் கேட்காமல் போய்விடும். அதனால் வாசலிலேயே ஒரு மரப்பெட்டி. உள்ளே வருகிற யாராக இருந்தாலும் கைபேசியை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பெரிய அதிகாரியும் போடுவார், பால்காரரும் போடுவார். பெட்டிக்கு வாட்ச்மேன்தான் ராஜா.

இந்தக் கெடுபிடி எல்லாம் இருந்தும் காது மெஷின் உள்ளே வந்துவிட்டது. வந்தது கையில் இல்லை, காதில். டவுனில் இருக்கும் மகள் அம்மாவை விடாப்பிடியாக டாக்டரிடம் கூட்டிப் போய், இரண்டு காதுக்கும் அளவெடுத்து, பயறு மாதிரி சின்னதாய் இரண்டு மாட்டி அனுப்பினாள். வாட்ச்மேன் பார்த்தார், கிரீஸ் அண்ணனும் பார்த்தார். கண்ணுக்குக் கண்ணாடி எப்படியோ அப்படிக் காதுக்கு இது என்றுதான் இருவருக்கும் பட்டது. கண்ணாடியை யார் பெட்டியில் போடச் சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல அவர், "கொஞ்சம் தண்ணி கொண்டா!" என்று ஒரு கத்துக் கத்தினார். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்கு இப்படி அலர்றீங்க? இது வீடா, சந்தையா?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரலை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை, மறந்தே போயிருந்தது. இறக்கிப் பார்த்தார், வெறும் காற்று வந்தது. ஏற்றிப் பார்த்தார், அலறல் வந்தது. அவள் சிரித்தாள். பழைய ரேடியோவைத் திருகுகிற மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்து அவர் குரலைத் திருகித் திருகி ஒரு வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

சில வார்த்தைகளைக் கத்திச் சொல்ல முடியாது. 'அடுப்பை அணை' என்று கத்தலாம். 'களைச்சுப் போயிருக்கே, கொஞ்ச நேரம் படு' என்பதைக் கத்தினால் அது அதட்டல் ஆகிவிடும். அப்படிச் சொல்லாமல் விட்டது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. இப்போது தினம் கொஞ்சமாக அவிழ்த்தார். வீட்டில் சத்தமே வராததைப் பார்த்து, புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று குடியிருப்பில் பேச்சு எழுந்தது. பஞ்சாயத்து பண்ண இரண்டு பேர் வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்த நேரத்தில்தான் சட்டிக்கு விருந்தாளி வந்தது.

விருந்தாளி என்று பெயர் வைத்தது எஞ்சினியர் பாப்பா. கேட்கிறவர்களிலேயே சின்னவள் அவள். மகள் வயசுதான் இருக்கும், அதனால் கிரீஸ் அண்ணன் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நீங்க, வாங்க என்ற மரியாதை மட்டும் குறையாது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் காதில் விழுந்தது எல்லாம் வெறும் இரைச்சல். அன்று காலை படியில் தடதடவென்று ஓடி வந்தாள்.

"அண்ணா! விட்டு விட்டு வருதுண்ணா! ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பேசிக்கிற மாதிரி. இவங்க ஒண்ணு சொல்ல, அவங்க ஒண்ணு சொல்ல. சும்மா இரைச்சல்னா இப்படி வராதுண்ணா!"

"என்ன பேசிக்கிறாங்க பாப்பா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் படியில ஓடி வர்றேன்?"

விருந்தாளி வெயில் ஏறுகிற காலைகளில் வந்தது. மழை பெய்த நாளில் வரவில்லை. அதற்கு உள்ளே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தலை வாரவில்லை. "தண்டவாளத்துக்கு இன்னொரு தடவை கிரீஸ் போடுங்கண்ணா, ப்ளீஸ்," என்று காலையும் மாலையும் நச்சரித்தாள். பெண் பார்க்க வரும் வீடு மாதிரி நிலையமே அமளிப்பட்டது.

அதற்கப்புறம் சட்டி தலையை ஆட்ட ஆரம்பித்தது. கிரீஸ் அண்ணனுக்கு எஞ்சினியர் படிப்பு தெரியாது, சட்டியின் குணம் தெரியும். சத்தம் வந்த திசையைப் பார்க்கும். சட்டென்று வேறு பக்கம் திரும்பும். மறுபடி இங்கே, மறுபடி அங்கே. திரும்பின பிறகும் அதே சத்தம் கேட்டால் அது வானத்துச் சத்தம் இல்லை, நம் வீட்டுச் சத்தம் என்று அர்த்தம். இதைப் பாப்பாவேதான் அவருக்குச் சொல்லியிருந்தாள்.

சட்டி நின்றது. பாப்பா படியில் இறங்கி வந்தாள், இந்த முறை ஓடவில்லை.

"எந்தப் பக்கம் திரும்பினாலும் கேக்குதுண்ணா. கீழ இருந்துதான் வருது. நம்ம இடத்துலேர்ந்தே."

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி இருந்தது முகம். அவர் கந்தையில் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவள் தலையைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் கை முழுக்கக் கிரீஸ். "விடுங்க பாப்பா. விருந்தாளி வழி தவறியிருக்கும். நாளைக்கு வரும்," என்றார். அவள் லேசாகச் சிரித்தாள்.

மறுநாள் நல்ல வெயில். பாப்பா ஒரு கையில் மீன் முள் மாதிரி இருந்த கம்பியும், தோளில் ஒரு பெட்டியுமாகக் கிளம்பினாள். சத்தம் வரும் பக்கம் கம்பியை நீட்டினால் பெட்டி கீச்சிடும். கிரீஸ் அண்ணன் துணைக்குப் போனார். கேண்டீனைச் சுற்றினார்கள், பெட்டி பேசவில்லை. டீசல் ஜீப்பைச் சுற்றினார்கள், பேசவில்லை. விருந்தினர் விடுதிப் பக்கம் திரும்பியதும் பெட்டிக்குத் தொண்டை திறந்தது. விடுதிக்குப் பின்னால், சட்டி நிற்கும் மேட்டுக்கு நேர் கீழே, திறந்த மைதானம். துணி உலர்த்தும் இடம். அங்கே கொடி நிறைய வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பிக்கொண்டிருந்தன. நடுவில் நின்று, வாயில் ஒரு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, நனைந்த விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள் கிரீஸ் அண்ணனின் மனைவி. விடுதியின் துணி துவைப்பது அவள் வேலை. மழை இல்லாத காலையில் அவள் இருக்கும் இடம் அதுதான்.

பெட்டி வீல் என்று கத்தியது.

பாப்பா கம்பியைத் தாழ்த்தினாள். அந்தக் காதைப் பார்த்தாள். இந்தக் காதைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்தது. அதற்குள் மாடி ஜன்னலிலிருந்து பெரிய அதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கையை ஆட்டினார், அவசரம். அவள் ஓடப் போனவள், நின்று, கிரீஸ் அண்ணனின் காதருகே குனிந்து சொன்னாள்:

"அண்ணா, சட்டிக்கு அக்காவோட மெஷின் கேக்குது! சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்." சொல்லிவிட்டு ஓடினாள்.

கிரீஸ் அண்ணனுக்குத் திக்கென்றது. சட்டிக்கு மெஷின் கேக்குது. கைக்குழந்தைக்கு நிலா கேக்குது என்கிற மாதிரி. இந்த வயசுல உனக்கு மிட்டாய் கேக்குதா என்கிற மாதிரி. கேட்டுவிட்டார்கள். சாயங்காலம் வாங்கிப் போக வருகிறார்கள்.

அவர் அன்று தண்டவாளத்தைச் சுற்றிய சுற்றுக்குக் கணக்கில்லை. தரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தால்? வேலை போகும், வீடு போகும். போகட்டும் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. ஆனால் பாப்பாவின் அந்த முகமும் கண்ணில் நின்றது. வருஷக்கணக்காக வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை. நம்ம வீட்டால் அதற்கு வானம் கேட்காமல் போவதா? பாப்பா வீட்டுக்கு வந்து, மனைவி முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, இவள் காதிலிருந்து கழற்றிக் கொடுப்பதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அதற்கு முன்னால் நாமே முடித்துவிடுவோம் என்று நினைத்தார். அதுதான் அவர் செய்த முட்டாள்தனம்.

மத்தியானம் வீட்டுக்குப் போனார்.

"அந்த மெஷினைக் கழட்டிக் குடேன். சுத்தம் பண்ணணும்னு நம்ம பொண்ணு சொல்லிவிட்டா."

"எப்போ சொன்னா? என்கிட்ட சொல்லலையே?"

"சொன்னா. குடு."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. புருஷன் சொன்னால் சரி என்று இரண்டையும் கழற்றி, முந்தானையில் துடைத்து, அவருடைய கிரீஸ் கையில் வைத்தாள். "தொலைச்சுடாதீங்க," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரை வாசல்வரை துரத்தியது.

வாட்ச்மேனிடம் போய் மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். கைபேசிகளுக்கு நடுவே ஒரு கந்தையில் சுற்றி வைத்தார்.

"என்னண்ணே இது?"

"சட்டி கேட்டுச்சு. குடுத்துட்டேன்."

அதற்கப்புறம் வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் துணி மடித்தாள். மடித்துக்கொண்டே, "எப்போ திருப்பித் தருவாங்களாம்?" என்றாள். அவர் வாயைத் திறந்தார். 'இனிமே கிடைக்காது, என்னை மன்னிச்சுக்கோ' என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவளுக்குக் கேட்காது. கத்தினால் ஊருக்கே கேட்கும். இப்படி ஒரு வார்த்தையைக் கத்துகிற தொண்டை யாருக்கும் இல்லை. அவர் வாயை மூடினார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு மடித்துக்கொண்டிருந்த துணியை மடியிலேயே போட்டுவிட்டாள்.

"பொண்ணு ஒண்ணும் சொல்லலை. இல்லே?"

அவர் தலை குனிந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

பாப்பா வந்திருந்தாள். இடுப்பில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர், கையில் அந்த மீன் முள், தோளில் அந்தக் கீச்சுப் பெட்டி, பின்னால் வேடிக்கை பார்க்க வாட்ச்மேன்.

"அக்கா!" என்றாள் சந்தோஷமாக. அக்கா திரும்பவில்லை. "அண்ணா, அக்காவோட மெஷின் எங்கே?"

"பெட்டியில போட்டுட்டேன் பாப்பா. நீங்க அலைய வேண்டாம்னு நானே போட்டுட்டேன்."

"பெட்டியிலயா? எதுக்கு?"

"நீங்கதானே கேட்டீங்க?"

"நானா? நான் எப்போ கேட்டேன்?"

"காலையில சொன்னீங்களே, சட்டிக்கு மெஷின் கேக்குதுன்னு."

பாப்பா அவரைப் பார்த்தாள். வாட்ச்மேனைப் பார்த்தாள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணா! கேக்குதுன்னா கேக்குதுண்ணா! காதுல விழுதுன்னு அர்த்தம்! குடுன்னு யாரு கேட்டா? சட்டி என்ன, மெஷின் வெச்சா தின்னப் போகுது?"

"அப்போ... வேண்டாமா?"

"வேண்டாம்! முதல்ல போய் எடுத்துட்டு வாங்க!"

வாட்ச்மேனுக்குத் தொப்பை உண்டு. அன்று அவர் ஓடிய ஓட்டத்தைக் குடியிருப்பு நெடுநாள் பேசியது. இதற்கிடையே ஒருத்தி, ஆளாளுக்கு வாய் அசைவதையும் நெற்றியில் அடித்துக்கொள்வதையும் பார்த்தபடி, "யாராவது என்கிட்ட சொல்வீங்களா மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மெஷின் வந்தது. மாட்டினாள். பாப்பா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

"அவ கேக்காததைக் குடுத்திருக்கீங்க. என்னைக் கேக்க வேண்டியதைக் கேக்கலை."

"தப்புத்தான்."

"என் காது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? நானே கழட்டிக் குடுத்திருப்பேனா மாட்டேனாங்கிறது அப்புறம்."

"தப்புதாம்மா. மன்னிச்சுக்கோ," என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். அது போய்ச் சேர்ந்தது. வாட்ச்மேன் மரியாதைக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாப்பா டேப் ரெக்கார்டரைத் தரையில் வைத்துப் பட்டனை அழுத்தினாள். டிக்டிக், டிர்ர். கொஞ்சம் இடைவெளி. டிக், டிர்ர். மறுபடி டிக்டிக். ஒருவர் சொல்ல, இன்னொருவர் ம் கொட்டுகிற மாதிரி.

"இதுதான்க்கா விருந்தாளி. உங்க ரெண்டு மெஷினும் தங்களுக்குள்ள பேசிக்குது. இந்தக் காதுல இவ்ளோ சத்தம், அந்தக் காதுல எவ்ளோன்னு விசாரிச்சுக்குது. அதை வெச்சுத்தான் சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு உங்களுக்குக் காட்டுது."

மனைவி குனிந்து அந்த ரெக்கார்டர் அருகே காதை வைத்தாள். "என் காதுங்களா இவ்ளோ பேசுது? எனக்குத் தெரியாம?" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு நின்றதும் பாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் கண்ணு, வானத்துல யாரோ இருக்காங்கன்னு நெனச்சியா? கடைசியில பாத்தா துணி துவைக்கிறவ."

"ரெண்டு பேர் பேசிக்கிறாங்கன்னு நெனச்சேன்க்கா. அது நெஜமாயிடுச்சு இல்லே?" என்றாள் பாப்பா. சொல்லும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மனைவி அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சோப்பு வாசனையில் பாப்பா ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள்.

பிறகு நிமிர்ந்து, "இப்போ நெஜமாவே ஒண்ணு கேக்கணும். கேக்கட்டுமா?" என்றாள். "அந்தப் பேச்சை மட்டும் நிறுத்திவைக்க மெஷின்ல ஒரு பட்டன் இருக்கு. நிறுத்தினாலும் கேக்கும். ஆனா யாராவது கூப்பிட்டா எந்தப் பக்கம் இருந்துன்னு தெரியாது. செய்றதும் செய்யாததும் உங்க இஷ்டம். வேண்டாம்னு சொல்லுங்க, நான் பெரியவர்கிட்ட பேசி வேற வழி பாக்குறேன்."

மனைவி மடியில் கிடந்த துணியை எடுத்து மடித்து முடித்தாள்.

"வீட்டுக்குள்ள இருக்கும்போதும் அந்தச் சட்டிக்குக் கேக்குதா?"

யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. பாப்பா வெளியே போய் மீன் முள்ளை நீட்டினாள். கதவைச் சாத்தினார்கள். தடித்த சுவர், பெட்டி வாய் திறக்கவில்லை. கதவைத் திறந்தார்கள், லேசாக இருமியது. மறுபடி சாத்தினார்கள், ஊமை.

"அப்போ சரி," என்றாள் மனைவி. "வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு எவ்ளோ வேணா பேசிக்கட்டும். வாசப்படி தாண்டினா வாயை மூடிக்கிட்டு வரட்டும். குடும்பம்னா அப்படித்தானே?"

வாட்ச்மேன் சத்தமாகச் சிரித்தார். அவர் வீட்டு நினைவு வந்திருக்கும்.

மறுநாளும் வெயில். சட்டி வேறு ஒரு மூலையைப் பார்க்க மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, தண்டவாளம் கிறீச்சிடவில்லை. கிரீஸ் அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு மைதானத்தில் இறங்கினார். வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே அவள் முதுகு தெரிந்தது. குளிர்ந்த தண்ணீரில் நின்று நின்று காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"கால் வலிக்குதா?" என்றார். வீட்டுக்குள் பேசுகிற குரல்தான்.

அவள் காதில் விழுந்தது. விழுந்தது என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. இடது பக்கம் திரும்பினாள், விரிப்பு. வலது பக்கம் திரும்பினாள், விரிப்பு. தலையைத் தூக்கி மேலே ஒரு தரம் பார்த்தாள். அங்கே சட்டியும் அதே மாதிரி, அவசரப்படாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

முன்பென்றால் அவர் கத்தியிருப்பார். இப்போது விரிப்பு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு நடந்தார், வெள்ளைத் துணியில் கிரீஸ் கை படாமல் முழங்கையால் தள்ளித் தள்ளி. சுற்றிக்கொண்டு போய் அவள் எதிரே நின்றார்.

"இங்கே இருக்கேன்."

"அது தெரியாம போச்சே," என்றாள் அவள். "இன்னொரு தரம் கேளுங்க."

கேட்டார்.